பாய்மரம் தூக்கும் சாதனம்: கம்பம் அருமை, அச்சு கோணல்

டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் சிறிய பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரம், படகு நீரில் இறங்குவதற்கு முந்தைய அரைமணி நேரம்தான். அப்போதுதான் பாய்மரத்தை நிமிர்த்துகிறோம். என் படகின் பாய்மரம் ஏழரை மீட்டர் நீள அலுமினியக் குழாய்; எடை 15 கிலோ. தரையில் கிடக்கும்போது ஓர் ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். அடி கீலில் (கதவுக் கீல் போன்ற சுழல் இணைப்பில்) மாட்டியிருக்க, நுனி காற்றில் ஆட, பாதி உயரத்தில் நிற்கும்போது அதே குழாய் யாருக்கும் அடங்காது. பின்னாலிருந்து முன்னால் எழுப்புவதற்குக் கயிறு இருக்கிறது. பக்கவாட்டில் சரிந்தால் பிடிக்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதிலாக விற்கப்படும் தூக்குச் சாதனம் ஒன்றை வாங்கி, பொருத்தி, அதிலிருந்த குறையைச் சரிசெய்து, இப்போது நிம்மதியாகப் பயன்படுத்தி வருகிறேன். தயாரிப்பாளரின் பெயர் இங்கே வேண்டாம். எந்தப் பெயரில் வாங்கினாலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே. நான் தொழிலால் கடைசல்காரன். லேத்தில் மாட்டிய பொருளின் அச்சு நூலளவு விலகியிருந்தாலும் வேலையைத் தொடர மனம் வராது. எனவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அச்சைப் பற்றித்தான் இருக்கும்.

பெட்டிக்குள் வந்தவை: 2 மீட்டர் நீளத் தூக்குக்கம்பம் (பாய்மரத்தின் அடியில் அதற்குச் செங்குத்தாக நின்று, இழுவைக்கு நெம்புகோலாகும் குழாய்), இரட்டைக் கப்பிகள் இரண்டு, அவற்றில் கோத்த நீண்ட கயிறு, பாய்மரத்தை இருபுறமும் பிடிக்கும் கம்பிகள் இரண்டு, தூக்குக்கம்பத்தை இருபுறமும் பிடிக்கும் கயிறுகள் இரண்டு, இந்த நான்கையும் மாட்டுவதற்குப் படகின் கூரையில் இடப்புறமும் வலப்புறமும் பதிக்க வேண்டிய வளையத் தகடுகள் இரண்டு, போல்ட்டு நட்டுகள், ஒரு சிறு கையேடு.

கம்பத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 50 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் குழாய், சுவர் கனம் 2 மி.மீ., மேற்பூச்சு சீராக இருக்கிறது. அடியில் பாய்மரத்தைக் கவ்வும் கவட்டை வார்ப்பாக இல்லாமல் தகட்டை வளைத்துச் செய்யப்பட்டிருக்கிறது; உள்பக்கம் ரப்பர் ஒட்டியிருப்பதால் பாய்மரத்தில் கீறல் விழுவதில்லை. குழாயின் வாயில் மட்டும் பிசிறு இருந்தது. அதை அரத்தால் தேய்த்து எடுக்க ஐந்து நிமிடம் போதும். கப்பிகளில் பந்து பேரிங் இருக்கிறது. சுமை ஏறிய பிறகும் கயிறு இழுவையில் தயக்கம் தெரியவில்லை.

கம்பத்தின் நீளத்தில் தயாரிப்பாளர் கஞ்சத்தனம் பார்க்காததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பலர் இதைக் கவனிப்பதில்லை. என் பாய்மரத்தின் எடை மையம் அடியிலிருந்து 3.4 மீட்டரில் இருக்கிறது. படுத்த நிலையிலிருந்து அதைக் கிளப்பும் முதல் கணத்தில்தான் இழுவிசை உச்சத்தில் இருக்கும். கீலிலிருந்து படகின் முன்முனை இரண்டரை மீட்டர் தூரம். 2 மீட்டர் கம்பத்தை நிறுத்தி முனையிலிருந்து இழுத்தால், கணக்குப்படி 33 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். கம்பம் 1 மீட்டராக இருந்தால் அதே வேலைக்கு 55 கிலோ. இரட்டைக் கப்பி இரண்டும் சேர்ந்து பளுவை நான்கில் ஒன்றாக்குவதால், உராய்வு நீங்கலாகக் கைக்கு வருவது எட்டு கிலோ சொச்சம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட இழுத்துவிடும். என் மகள்தான் இழுக்கிறாள்.

இதுவரை ஐந்துக்கு ஐந்து. இனி வளையத் தகடுகளுக்கு வருகிறேன்.

பாய்மரம் கீலில் சுழல்கிறது. அதைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பியின் மேல்முனை பாய்மரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருக்கிறது. கீழ்முனை கூரையில் வளையத்தில் இருக்கிறது. பாய்மரம் படுத்ததிலிருந்து நிமிரும் வரை கம்பியின் நீளம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால், கீழ்முனை கீலின் அச்சை இருபுறமும் நீட்டினால் வரும் கோட்டின் மேலேயே இருந்தாக வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தாலும் முன்னே பின்னே இருந்தாலும் தூரம் மாறும். கம்பியோ நீளாது, சுருங்காது. படகில் ஏற்கனவே இருக்கும் ஷ்ரௌட் கம்பிகளை (நிமிர்ந்த பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிப்பவை) இந்த வேலைக்கு நம்ப முடியாததற்கும் இதுதான் காரணம். அவற்றின் கால்கள் படகின் விளிம்பில், கீலைவிட வெகு தாழ்வாகவும் பல படகுகளில் சற்றுப் பின்தள்ளியும் பதிக்கப்பட்டிருக்கும். பாய்மரம் முழுதாக நிமிர்ந்த பிறகுதான் அவை இறுகும். நடுவழியில் தொளதொளவென்று தொங்கும்.

ஆகவே இந்தச் சாதனத்தின் உயிரே அந்த இரண்டு வளையங்களும் எங்கே நிற்கின்றன என்பதில் இருக்கிறது. கையேடு இதைப் பற்றிச் சொல்வது ஒரே வரி: கீலுக்கு நேராக, இருபுறமும் சம தூரத்தில் பதிக்கவும். உயரம் பற்றி ஒரு சொல் இல்லை. கூடவே இருக்கும் படத்தில் கூரை தட்டையாக வரையப்பட்டிருக்கிறது. எந்தப் படகின் கூரையும் தட்டையாக இருப்பதில்லை. தண்ணீர் வடிவதற்காகவும் வலிமைக்காகவும் நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழும்படிதான் அச்சில் வார்க்கிறார்கள். என் படகில் நடுவிலிருந்து 90 செ.மீ. தள்ளி அளந்தால் கூரை 3 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. கீலின் ஊசி கூரைக்கு மேலே நாலரை செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கொடுக்கப்பட்ட வளையத்தின் உயரம் இரண்டரை செ.மீ. கூட்டிக் கழித்தால் வளையம் அச்சுக்குக் கீழே 5 செ.மீ. நிற்கிறது.

5 செ.மீ. தானே என்று தோன்றலாம். அது செய்யும் வேலையைப் பாருங்கள். பாய்மரம் படுத்திருக்கும்போது வளையத்துக்கும் மேல்முனைக்கும் இடையே 1.75 மீட்டர். நிமிர்ந்த பிறகு 1.79 மீட்டர் சொச்சம். வித்தியாசம் 4 செ.மீ.க்குச் சற்று மேலே. நிமிர்ந்த நிலையில் சரியாக இருக்கும்படி கம்பியை வைத்தால், படுக்கையிலிருந்து கிளம்பும் நேரத்தில் அந்த 4 செ.மீ. தொய்வாகக் கிடக்கும். அந்தத் தொய்வில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பாய்மரம் ஒவ்வொரு பக்கமும் 8 செ.மீ. நகர இடமிருக்கிறது. நுனி அதைவிட ஐந்து மடங்கு தூரத்தில் இருப்பதால் அங்கே 40 செ.மீ. காற்று அடித்தாலோ, பக்கத்தில் ஒரு மோட்டார் படகு போய் அலை எழுப்பினாலோ, அந்த 40 செ.மீ. ஊசலின் முழுச் சுமையும் கீலின் இரண்டு காதுகள் மேல் விழும். பத்து செ.மீ. இடைவெளியில் நிற்கும் மெல்லிய தகட்டுக் காதுகள் அவை. முன்பின்னாகச் சுழலத்தான் செய்யப்பட்டவை, பக்கவாட்டில் முறுக்குவதற்கு இல்லை. படுத்த நிலையில் கம்பியை இறுக்கி வைத்துவிடலாமே என்றால், பாய்மரம் எழ எழக் கம்பி விறைத்து, கூரையிலிருந்து வளையத்தையே பிடுங்கப் பார்க்கும்.

கையேட்டில் சொன்னது இந்த இரண்டாவது வழி. அதனால் முதல் சோதனையில் மகளிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு, நான் வளையத்தின் அருகே குனிந்து நின்றுகொண்டேன். அவளை அங்குலம் அங்குலமாக இழுக்கச் சொன்னேன். முப்பது பாகைகூட வந்திருக்காது. தொட்டால் ஒலிக்கும் வீணைத் தந்தியைப் போல இரண்டு கம்பிகளும் விறைத்தன. வளையத் தகட்டின் பின்விளிம்பு கூரையை விட்டு மயிரிழை எழும்பி, அடியில் வைத்த பசை நூலாக இழுபட்டது.

“அப்பா, திடீரென்று கனமாகிவிட்டது. இன்னும் இழுக்கட்டுமா?”

“வேண்டாம். மெதுவாக இறக்கு.”

கயிறு கனமாவதைக் கையே சொல்லிவிடும். வின்ச் (கைப்பிடியால் சுற்றும் இழுவை உருளை) மாட்டியிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வளையம் கையோடு வந்திருக்கும். தூக்குச் சாதனங்களில் வின்ச்சைவிடக் கப்பியும் கயிறும் மேல் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அடுத்து அச்சு உண்மையில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கீல் துளைக்குள் நீண்ட இரும்புக் கம்பியைச் செருகிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 10 மி.மீ. கம்பி 90 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் தன் எடையிலேயே நுனியில் அரை செ.மீ. தொங்கும். அளவு எடுக்க அது உதவாது. நான் கீல் துளைகளுக்குள் இறுக்கமாகப் பொருந்தும்படி பித்தளையில் இரண்டு புஷ் (துளையை நிரப்பும் சிறு உருளை) கடைந்தேன். நட்டநடுவில் ஊசித்துளை. அவற்றின் வழியாக மெல்லிய தூண்டில் நரம்பைக் கோத்து, படகின் இருபக்கமும் நிறுத்திய மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டினேன். நரம்பு எந்தப் புஷ்ஷின் ஓரத்தையும் தொடாமல் நடுவில் ஓடும்வரை சட்டங்களில் மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. காதுகளின் இடைவெளி குறைவு என்பதால் புஷ்ஷில் கால் மி.மீ. பிசகினால் வெளியே இரண்டு மூன்று மி.மீ. பிசகும். லேத் இல்லாதவர்கள் ஏதாவது ஒரு பட்டறையில் கொடுத்தால் அரைமணியில் கடைந்து தருவார்கள்.

நரம்பு நேராக நின்ற பிறகு இன்னொன்றும் தெரிந்தது. கீலே படகின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இல்லை. இடப்புறம் அச்சு ஒன்றரை செ.மீ. முன்னே போயிருந்தது, வலப்புறம் அதே அளவு பின்னே. ஏறக்குறைய ஒரு பாகைத் திருப்பம். படகைக் கட்டியவர்கள் கீல் தகட்டைப் பதிக்கும்போதே நேர்ந்தது. பாய்மரம் படுத்திருக்கும்போது நுனி எப்போதும் நடுக்கோட்டிலிருந்து 12 செ.மீ. இடப்பக்கம் ஒதுங்கியே கிடந்ததற்குக் காரணம் இதுதான். வளையங்களைக் கையேட்டின்படி சமச்சீராகப் பதித்தால், நிமிரும்போது இடது கம்பி வலது கம்பியைவிட இரண்டரை செ.மீ. அதிகம் கேட்கும். நிமிர்ந்து நிற்கும் பாய்மரத்துக்கு இந்தத் திருப்பத்தால் எந்தக் கெடுதலும் இல்லை. தூக்கும்போது மட்டும்தான் தொல்லை.

கீலைத் திருப்புவதா, வளையங்களை அதன் கோட்டுக்குக் கொண்டுவருவதா? கீலைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாய் விரித்து ஓடும்போது எல்லாக் கம்பிகளின் இழுவையும் சேர்ந்து பாய்மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துவது அந்தத் தகட்டின் மீதுதான். கூரைக்கு அடியில் அந்த இடத்தில் தூண் வைத்துக் கட்டியிருப்பார்கள். வருடக்கணக்காக அமர்ந்துவிட்ட அதன் போல்ட்டுகளைக் கிளப்புவது வேண்டாத வினை. கீல் எங்கே இருக்கிறதோ அதுவே அளவுகோல். மற்றவை அதற்கு இணங்கட்டும்.

316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில், 4 மி.மீ. கனத்தில், இரண்டு தாங்கிகள் செய்தேன். 304 ரகமும் துருப்பிடிக்காதுதான். ஆனால் 316-இல் கலந்திருக்கும் மாலிப்டினம் உப்புத் தண்ணீரைத் தாங்கப் பெரிதும் உதவுகிறது. அடித்தகடு 80-க்கு 60 மி.மீ., நான்கு துளைகள். அதன்மேல் இரண்டு காதுகள், பக்கவாட்டு இழுவைக்கு முட்டுக்கொடுக்க முக்கோணத் தகடு ஒன்று. குறுக்காணி கூரையிலிருந்து ஏழரை செ.மீ. உயரத்தில் வருகிறது. கூரை அந்த இடத்தில் நான்கு பாகை சரிவதால், அடியில் அதற்கேற்ற ஆப்புத் தகடும் வைத்தேன். கம்பியை ஆணியில் நேராக மாட்டவில்லை. இடையில் ஷேக்கிள் (ஆணி போட்டு மூடும் U வடிவ இணைப்பு) இருக்கிறது. கம்பி உள்நோக்கிச் சாய்ந்தபடியே சுழல்வதால் அதற்கு இரண்டு திசையிலும் அசைய இடம் வேண்டும். தூக்குக்கம்பத்தைப் பிடிக்கும் கயிறும் இதே ஷேக்கிளில் வருகிறது. கம்பமும் பாய்மரத்தோடு சேர்ந்தே சுழல்வதால், அதன் பக்கக் கயிறுகளும் அதே அச்சில்தான் முடிய வேண்டும்.

பதிக்கும்போது துளையில்தான் கவனம் வேண்டும். கூரை என்பது இரண்டு ஃபைபர் கிளாஸ் படலங்களுக்கு நடுவே மென்மரம் வைத்த அடுக்கு. வெறுமனே துளையிட்டு போல்ட்டு போட்டால் என்றாவது ஒருநாள் தண்ணீர் உள்ளே இறங்கி மரம் ஊறி மக்கிவிடும். மேலிருந்து 12 மி.மீ. துளையிட்டு, நடுமரத்தைச் சுரண்டி எடுத்து, கெட்டியாகக் குழைத்த எப்பாக்சியால் அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் 6 மி.மீ. போல்ட்டுக்கான துளையைப் போட வேண்டும். துளையின் வாயை லேசாகச் சரித்துவிட்டால், அடியில் வைக்கும் பியூட்டைல் நாடா அங்கே வளையமாக அமர்ந்து நீரைத் தடுக்கும். உள்கூரையில் ஒவ்வொரு தாங்கிக்கும் அகலமான பின்தகடு. சாதனத்தோடு வந்த போல்ட்டுகள் இந்த அடுக்கைத் தாண்டி நட்டைப் பிடிக்கும் நீளமே இல்லை. பின்தகடு பெட்டியிலேயே கிடையாது. இது தயாரிப்பாளர் மேல் எனக்கிருக்கும் இரண்டாவது வருத்தம்.

தாங்கிகள் ஏறிய பிறகு மறுபடி நரம்பைக் கட்டிப் பார்த்தேன். இரண்டு ஆணிகளும் கோட்டிலிருந்து 2 மி.மீ.க்குள் நின்றன. 5 மி.மீ. வரை பிசகினாலும் கம்பி நீளத்தில் 4 மி.மீ. வித்தியாசம்தான் வரும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது பாய்மரம் படுக்கையில் இருக்கும்போது கம்பியை விரலால் தட்டினால் என்ன இறுக்கமோ, நாற்பத்தைந்து பாகையிலும் அதே, நிமிர்ந்த பிறகும் அதே. நடுவழியில் கயிற்றைக் கட்டிவிட்டு, சிக்கிய ஷ்ரௌட்டை விடுவிக்க நடந்து போகிறேன். பாய்மரம் அசையாமல் நிற்கிறது. ஒரு நல்ல சாதனம் தர வேண்டியது இதைத்தான். இந்தக் கம்பமும் கப்பிகளும் அதைத் தரக்கூடிய தரத்தில்தான் இருக்கின்றன. உயரம் கூட்டிக் குறைக்கும் தாங்கி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் பரிந்துரைத்திருப்பேன்.

விற்பவர்களிடம் எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. நீளமான போல்ட்டுகளை இலவசமாக அனுப்பிவைத்தார்கள். அந்த அளவில் மரியாதையான சேவை. உயரத்தைப் பற்றிக் கேட்டதற்கு, படகுக்குப் படகு மாறும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மாறும் என்பது தெரிந்திருந்தால் அதைக் கையேட்டில் முதல் பக்கத்தில் போட வேண்டாமா? வாங்குபவர் எல்லோரும் கடைசல்காரர்களா?

கூரையில் துளையிட விரும்பாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. ஒரு கனத்த வளையத்தை எடுத்து, அதிலிருந்து மூன்று கயிறுகளைப் பிரித்து, ஒன்றை ஷ்ரௌட் பதித்த இடத்திலும், ஒன்றை முன்னால் உள்ள கைப்பிடித் தூணின் அடியிலும், ஒன்றைப் பின்தூணின் அடியிலும் கட்டலாம். மேலே இழுக்கும்போது வளையம் அந்தரத்தில் அச்சின் கோட்டில் வந்து நிற்கும்படி மூன்றின் நீளத்தையும் சரிசெய்ய வேண்டும். ஒருமுறை சரியாக அமைந்தால் நன்றாகவே வேலை செய்யும். நீட்சி குறைந்த கயிறாக இருப்பது அவசியம். சாதாரண நைலான் இழுபட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் கட்டி அவிழ்க்க நேரமாகும் என்பதால் நான் தாங்கியைத் தேர்ந்தெடுத்தேன்.

பக்கக் கம்பிகள் இல்லாமலே சமாளித்த படகுகளும் இருந்திருக்கின்றன. இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியின் ஆறுகளில் சரக்கேற்றிச் சென்ற வெர்ரி படகுகள் பாலம் வரும்போது பாய்மரத்தைச் சாய்த்துவிட்டு அடியில் நழுவிப் போகும். பாய்மரத்தின் அடிப்பகுதியில் எதிர்ப்பாரம் கட்டி, கனத்த கூட்டுக்குள் சுழல வைத்திருந்தார்கள். 1898-இல் கட்டப்பட்ட ஆல்பியன் என்னும் வெர்ரி இன்றும் ஓடுகிறது. அவ்வளவு பருமனான கூடு இருந்தால் அதுவே பக்கவாட்டையும் தாங்கும். நம்முடைய சின்னக் கீலிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

சில்லறைக் குறைகள் இரண்டு. பக்கக் கம்பிகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள். கைக்கு இதமாக இருக்கிறது. ஆனால் உறைக்குள் உப்புநீர் புகுந்து தங்கினால் கம்பி உள்ளே அரிபடுவது வெளியே தெரியாது. நான் உறையில்லாத கம்பிக்கு மாறிவிட்டேன். கயிற்றைப் பூட்டும் பல்சக்கரப் பிடிப்பான் தரமானது என்றாலும், கால் தட்டிக் கயிறு மேலே எழும்பினால் பிடி விட்டுவிடும். படகில் இருக்கும் கொம்புக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். பாய்மரத்தின் நிழல் விழக்கூடிய இடத்தில் எவரும் நிற்கக் கூடாது. தூக்குவதற்கு முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்ப்பதை எந்தக் கையேடும் எத்தனை முறை சொன்னாலும் தகும். அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

வாங்கலாமா? கம்பத்துக்காகவும் கப்பிகளுக்காகவும் தாராளமாக வாங்கலாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன் மூன்று அளவுகளை எடுத்து விற்பவருக்கு எழுதுங்கள்: கூரையிலிருந்து கீல் ஊசியின் உயரம், வளையம் வரவேண்டிய இடத்தில் கூரை எவ்வளவு தாழ்கிறது, கூரை அடுக்கின் மொத்தக் கனம். அந்த உயரத்துக்குத் தாங்கியும் அந்தக் கனத்துக்குப் போல்ட்டும் தருவார்களா என்று கேளுங்கள். தருவதாகச் சொன்னால் வாங்குங்கள். இல்லையென்றால் தாங்கி செய்யும் கூலியையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.